முன்பாரத் துப்பாக்கியும் என் வீட்டுக்காரரும்

எங்கள் கிளப்புக்கு இரண்டு புது கைத்துப்பாக்கிகள் வந்தன. சுட்டதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம் இரண்டுமே. ஒன்றில் குண்டுகள் அடுக்கிய மேகசின் கைப்பிடிக்குள் போகும், இலேசானது. மற்றதில் மேகசின் விசைக்கு முன்னால், எடையெல்லாம் மூக்கில்தான். அணித் தேர்வுக்கு வருகிறவர்கள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. போன வருடம் கடைசிக் குண்டு தாமதமாகி என் இடம் கைநழுவிப் போனது. இந்த முறையும் விட்டால் தாங்க மாட்டேன்.

"முன்பாரம்தான் அண்ணி. கல்லு மாதிரி அசையாம நிக்கும்" என்றாள் நாத்தனார். அவளும் எங்கள் கிளப்தான். அவள் சொன்னபடியே நின்றது. நிதானமாகச் சுட்டதெல்லாம் நடு வட்டத்தில் விழ, எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். அவருக்கு என்னைவிடக் குஷி. மரக் கைப்பிடியை மட்டும் கழற்றி வாங்கி வந்தார். பல்செட்டுக்குக் குழைக்கும் மாவை அதில் அப்பி, என் கையை வைத்து அமுக்கி, சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாமல் அராவிக்கொண்டே இருந்தார். முடித்துக் கொடுத்தபோது என் விரல்கள் தாமாகவே போய் உட்கார்ந்தன. மனுஷர் முகத்தில் அப்படியொரு பெருமை!

தேர்வு நாள் காலையில்தான் வேகச் சுற்றுக்குப் பழகினேன். கையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். இலக்கு அட்டை மூன்று நொடி முகம் காட்டும். அதற்குள் தூக்கி ஒரு குண்டு சுட வேண்டும், இப்படி ஐந்து தடவை. அதுவரை நாங்கள் எல்லோரும் கையை நீட்டி வைத்துக்கொண்டேதான் அந்தத் துப்பாக்கியை மெச்சியிருந்தோம். அத்தனை பேரில் ஒருவருக்கும் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை! மூக்கு மேலே வருவதற்குள் அட்டை திரும்பிக்கொண்டது. மறுபடியும் அதே கதை. இலேசானதை வாங்கித் தூக்கினேன். கண் போன இடத்தில் போய் நின்றது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொன்னால் இவர் மனசு உடைந்துபோகும், சொல்லாவிட்டால் இடம் போகும். எந்தத் துப்பாக்கி என்று கேட்ட கிளப் செயலாளர் வேறு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று பின்னால் நின்ற வீட்டுக்காரரிடம் போனேன்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. எனக்கு மத்ததுதாங்க வேணும். இது எழும்பவே மாட்டேங்குது."

கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"உன் கைக்குத்தானே செஞ்சேன், துப்பாக்கிக்கா செஞ்சேன்? போ, போய்ச் சுடு."

முன்பாரத்தை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல அண்ணி விரலுக்குத்தான் இடமிருக்கு, எனக்கில்ல!" என்று அங்கேயே சண்டைக்கு நின்றாள்.

நிதானச் சுற்றில் எனக்குச் சுமார்தான். இலேசான துப்பாக்கியின் கைப்பிடி உள்ளங்கையில் ஒட்டவில்லை. வேகச் சுற்று வந்தது. நான்கு குண்டுகள் நேரத்துக்குள் போயின. கடைசி அட்டை முகம் காட்டியதும் போன வருட ஞாபகம் வந்தது. ஆனால் கை பாட்டுக்கு எழும்பிவிட்டது. சுட்டேன். அதற்குப் பிறகுதான் அட்டை திரும்பியது.

"அடிச்சுட்டா!" என்று பின்னாலிருந்து ஒரு கூச்சல். சுடும் கூடத்தில் சத்தம் போடக் கூடாது. செயலாளர் என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அணியில் நான் இருப்பதை அறிவித்தார். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எங்கிருந்தோ வாங்கிய ஸ்க்ரூடிரைவரை என் துப்பாக்கியின் கைப்பிடியைக் காட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்.