ஒன்பது பாட்டில் தண்ணீர்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அறிக்கை செங்கல்பட்டுக்குப் போயாக வேண்டும். கரையோரத்தில் எந்தெந்த ஊர்களுக்குப் புதிதாகக் குடிநீர்க் குழாய் போடுவது என்று அன்றைய கூட்டத்தில் முடிவு செய்வார்கள். எங்கள் ஆய்வில் பன்னிரண்டு ஊர்கள். ஏழு ஊர்களைப் பட்டியலில் சேர்த்திருந்தேன், ஐந்தை விட்டிருந்தேன். விட்டவற்றில் ஒன்று புதுப்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கும் ஓடைமேட்டுக் காலனி. அங்கே தண்ணீர் நன்றாக இருந்தது. அப்படித்தான் என் பாட்டில்கள் சொல்லின.

ஆய்வில் நாங்கள் மூன்று பேர். நான் தண்ணீரின் வேதியியல் பார்ப்பவன். சஹானா கருவி செய்பவள். படூரிலிருந்து வருவாள், முப்பது வயது, வாய் ஓயாது. கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டே உப்பை அளந்து கைப்பேசிக்கு எண் அனுப்பும் சிறிய கருவி அவளுடையது. மூன்றாவது ரெஜினா. அந்தக் காலனிக்காரி. தையல் மிஷின் வைத்திருந்தவளை வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புவதற்காகச் சேர்த்துக்கொண்டோம். தண்ணீர், கருவி, மனிதர் மூன்றையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் திட்டத்தின் பெருமை. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று திட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

ஓடைமேட்டில் மூன்றும் ஒத்துப்போகவில்லை.

காலனியில் ஒன்பது அடிபம்புகள். மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் ரெஜினா ஒன்பது வீடுகளில் காலிப் பாட்டில் கொடுத்துவைப்பாள். அந்தந்த வீட்டுப் பெண் காலையில் பம்பை அடித்து நிரப்பிவைப்பாள். ரெஜினா அவற்றை ஐஸ் பெட்டியில் அடுக்கி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவருவாள். நான் காரில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பதினொரு மாதம் இப்படி நடந்தது. லிட்டருக்கு நானூறு, நானூற்றுப் பத்து மில்லிகிராம் உப்பு. நல்ல குடிநீர். ஆனால் நான்கு பம்புகளின் அருகே துளைபோட்டு சஹானா இறக்கியிருந்த கருவிகள் இரண்டாயிரத்து நானூறு என்றன. இரண்டாயிரத்தைத் தாண்டினால் குடிக்க ஆகாது.

"உப்புக்காற்றுல மின்முனை அரிச்சிருக்கும்" என்றேன்.

"மூணு தடவை கழட்டித் துடைச்சு மாட்டிட்டேன் சார். அதே நம்பர்தான் வருது. பொய் சொல்ற மிஷின் இவ்வளவு பிடிவாதமா ஒரே பொய்யைச் சொல்லுமா?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபம்.

ரெஜினாவின் கேள்வித்தாளும் இடித்தது. தண்ணீர் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கேள்விக்கு முப்பத்தெட்டு வீடுகளும் நாற்பது நிமிஷம் என்றன. ஒரு கிலோமீட்டர் தள்ளி சவுக்குத் தோப்புக் கிணற்றுக்குப் போகிறார்களாம். வாசலிலேயே நல்ல தண்ணீர் இருக்கும்போது எதற்கு? பழக்கமாக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. ஒன்பது பம்புகளிலும் ஒரே மாதிரி எண் வருவதால், அந்த மணல்மேட்டுக்கு அடியில் மழைநீர் ஒரு தட்டுபோல் உப்புநீரின்மேல் மிதக்கிறது என்று ஒரு கட்டுரையும் எழுதத் தொடங்கியிருந்தேன். அந்தக் கட்டுரையின்மேல் எனக்கு ஆசை இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை சஹானாவின் கருவிகளைக் கழற்றி எடுத்துவர நானே போனேன். முதல் நாளுக்குப் பிறகு காலனிக்குள் நான் நடந்து போனது அன்றுதான். ரெஜினா சர்ச் பக்கத்து முதல் பம்பில் காத்திருந்தாள்.

"மிஷினை எடுக்கறீங்களா சார்? இன்னா, வேலை முடிஞ்சிதா?"

"முடிஞ்சுது. இது சரியா வேலை செய்யலை."

"அப்போ பைப்பு?"

"இந்த ஊர் லிஸ்ட்ல இல்லை ரெஜினா. பாட்டில்ல தண்ணி நல்லா இருக்கே."

அவள் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பயம்.

"பாட்டிலா சார்? பாட்டிலை வெச்சா முடிவு பண்ணீங்க?"

"வேற எதை வைச்சு?"

"ஐயோ சார். மிஷினுதான் கணக்குன்னு நெனச்சிகினு கீறோம் நாங்க. சஹானா மேடம் வந்து எல்லாரையும் உக்கார வெச்சி, இது உப்பை அளக்கும், நேரா ஆபீசுக்குச் சொல்லிடும்னு சொன்னாங்க. பாட்டில் எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்ல. நீங்கதான் பேசவே மாட்டீங்களே."

"பாட்டில்ல இருக்கிறது பம்புத் தண்ணிதானே?"

அவள் புடவை முந்தானையை விரலில் சுற்றினாள். பிறகு, "பெரிம்மாவையே கேளுங்க" என்று பம்புக்கு எதிர் வீட்டைப் பார்த்து, "பெரிம்மா! இங்க கொஞ்சம் வா!" என்று கத்தினாள்.

செங்கம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் தோட்டவேலை பார்ப்பவர். சீருடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குத் தயாராக இருந்தார். ரெஜினா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோப்புக் கெணத்துத் தண்ணி சாரு அது. ஒம்போது வூட்லயும் அதத்தான் ஊத்தி வெச்சோம். வெள்ளத் துணியில வடிகட்டி."

"எதுக்கு?" என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

"எதுக்கா? மொத நாள் வந்தியே, நெனப்பு கீதா? நான்தான் பம்பு அடிச்சேன். நீ கைய ஏந்தி வாயில வெச்ச. எங்க காலனித் தண்ணிய கையில வாங்கிக் குடிக்கிற சாருன்னு இவளுங்க எல்லாம் வாயத் தொறந்துகினு பாத்தாளுங்க. அப்புறம் தூன்னு துப்பின. கர்ச்சீப்ப எடுத்து வாயத் தொடச்ச. ஒரு வார்த்த பேசல. கார்ல ஏறிப் பூட்ட."

எனக்கு நினைவிருந்தது. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பது பழைய வேதியியல்காரனின் கெட்ட பழக்கம். உப்பும் துருவும் கலந்த ருசி. குழாயில் தேங்கிய தண்ணீர், அடித்து வடித்துவிட்டுப் பிடித்தால் சரியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. துப்பியது வேலையின் ஒரு பகுதி. துப்பினேன் என்றே எனக்குப் படவில்லை. சுற்றி ஒன்பது பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுடைய அப்பன் பாட்டன் காலத்தில் காலனிக்காரர்கள் கைபட்ட தண்ணீரை யார் யார் வாங்க மறுத்தார்கள் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம். அவர்களுக்கு அப்படி இல்லை.

"அடுத்த மாசம் பாட்டில் வந்திச்சு" என்றார் செங்கம்மாள். "மறுபடியும் வாயில வெச்சிப் பாப்பான், மறுபடியும் துப்புவான், நமக்கு இன்னாத்துக்கு அந்த அசிங்கம்னு பேசிகினோம். வூட்ல இருக்கிறதுல நல்ல தண்ணியா குடுத்துடலாம்னு முனியம்மாதான் சொன்னா. அப்பாலதான் நீ துப்பலியே!"

"பெரிம்மா, சும்மாரு."

"நான் இன்னா பொய்யா சொல்றேன்? உன் நாக்கு மொத நாளே சொல்லிச்சு இல்ல சாரு, உப்புன்னு. உன் நாக்க நீயே நம்பலியே, அப்புறம் இன்னா படிப்பு படிச்ச?"

பக்கத்து வீட்டு வாசலில் யாரோ சிரித்தார்கள். நான் பம்பின் சிமெண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மற்ற இடங்களில் நான் இப்படி உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்கள் பேச்சை மாற்றுவார்கள், அல்லது எழுந்து போய்விடுவார்கள். இவர்கள் இருவரும் நின்றார்கள். செங்கம்மாளின் பஸ் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துப் போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் பதினொரு மாத எண்கள் வீண். மிதக்கும் மழைநீர்த் தட்டு கிடையாது. ஆனால் அந்த மேடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்பது பெண்கள் ஒரு கிலோமீட்டர் நடந்து, குடத்தில் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு லிட்டரை எனக்கென்று வடிகட்டி எடுத்துவைத்திருக்கிறார்கள். தங்களை அவமானப்படுத்தியவனுக்கு. அதை நான் ஆய்வுக்கூடத்தில் அமிலம் விட்டு அளந்து சாக்கடையில் கொட்டியிருக்கிறேன்.

"தப்பு என்னுதும்மா" என்றேன் செங்கம்மாளிடம். "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. சொல்லியிருக்கணும்."

"அது வுடு. இப்ப பைப்பு வருமா வராதா?"

"இன்னிக்கே மறுபடி எடுக்கணும். நானே அடிச்சுப் பிடிக்கறேன்."

"நீ அடிப்பியா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "நூறு அடி அடிச்சாத்தான் குழாத்தண்ணி போயி கீழத்தண்ணி வரும். இருபது தாண்ட மாட்ட. தள்ளு."

தள்ளாமல் நானே அடிக்கத் தொடங்கினேன்; முப்பத்தைந்தில் மூச்சு வாங்கியது, தள்ளிக்கொண்டேன். செங்கம்மாள் கோட்டைக் கழற்றி ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு மீதியை அடித்தார். நான் பாட்டிலைப் பிடித்தேன். காரில் கையடக்கமான உப்புமானி இருந்தது. முக்கிப் பார்த்தேன். இரண்டாயிரத்து நானூற்று முப்பது. சஹானாவின் கருவி அதே நேரம் என் கைப்பேசிக்கு அனுப்பிய எண் இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.

அவளை அழைத்தேன். "சஹானா, உன் கருவி சரி. என் பாட்டில்தான் தப்பு."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. பிறகு, "சார், இதைக் கொஞ்சம் எழுத்துல குடுக்க முடியுமா? ஃபிரேம் போட்டு மாட்டணும்."

மதியத்துக்குள் ஒன்பது பம்புகளையும் முடித்தோம். ஒவ்வொரு பம்பிலும் அந்த வீட்டுப் பெண் வந்து நின்றாள். ஒவ்வொருத்தியிடமும் இந்தப் பாட்டில் எதற்கு, அமிலம் எதற்கு, எண் எங்கே போகிறது என்று சொன்னேன். ஒரு வருஷத்தில் நான் பேசியதைவிட அன்று அதிகம் பேசினேன். நாலாவது பம்பில் முனியம்மா, "இவரு பேசுவாராடி!" என்று ரெஜினாவிடம் கேட்டது காதில் விழுந்தது. எல்லா பம்புகளிலும் இரண்டாயிரத்து முந்நூறுக்குக் குறையவில்லை.

அறிக்கையில் ஒரு சங்கடம் இருந்தது. பழைய எண்கள் ஏன் நீக்கப்பட்டன என்று எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சஹானா ஒரு வரி எழுதி அனுப்பினாள்: மாதிரிகள் பொதுமக்களால் மாற்றப்பட்டதால் ஏற்கத்தக்கவை அல்ல. தொழில்முறையில் சரியான வரி. ரெஜினாவைக் கைப்பேசியில் அழைத்துப் படித்துக் காட்டினேன்.

"நாங்க ஏமாத்தின மாதிரி கீது சார். அவங்க படிச்சா, இவங்க இப்பவும் மாத்தி வெச்சிருப்பாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

அவள் சொன்னது சரி. அந்த ஒரு வரி காலனியைப் பட்டியலிலிருந்து மறுபடி தள்ளிவிடும். வரியை அழித்துவிட்டு நடந்ததை எழுதினேன். முதல் நாள் ஆய்வாளர் பம்புத் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு எல்லார் எதிரிலும் துப்பினார்; காரணம் சொல்லவில்லை; பாட்டில் எதற்கு என்றும் விளக்கவில்லை; அதனால் மக்கள் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலத் தங்களிடமிருந்த சிறந்த தண்ணீரைக் கொடுத்தார்கள்; பிழை ஆய்வாளருடையது. கீழே என் பெயர்.

திங்கட்கிழமை கூட்டத்தில் தலைமை தாங்கிய பொறியாளர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் பரணிதரன், இதை ரிப்போர்ட்ல வைக்கணுமா? பதினொரு மாச டேட்டா தப்புன்னு நீங்களே சொல்றீங்க. ஒரு நாள் டேட்டாவை நான் எப்படி நம்பறது?"

"ஒரு நாள் இல்லை சார். கருவி பதினொரு மாசமா அதையேதான் சொல்லிட்டிருக்கு. முப்பத்தெட்டு வீடும் தினம் நாப்பது நிமிஷம் தண்ணிக்கு நடக்கறோம்னு பதினொரு மாசம் முன்னாடியே சொல்லிட்டாங்க. நான் மட்டும்தான் வேற சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு அந்தப் பக்கத்துல இருக்கு. அதை எடுத்துட்டா மத்ததையும் நம்ப முடியாது."

அறையில் யாரும் பேசவில்லை. இந்த முறை அந்த மௌனம் என்னுடையதாக இல்லை. அது கலையும்வரை காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. பொறியாளர் பேனாவை எடுத்து ஏழாவது ஊரின் கீழே எட்டு என்று எழுதி, பக்கத்தில் ஓடைமேட்டுக் காலனி என்று எழுதினார்.

வெளியே வந்து ரெஜினாவை அழைத்தேன். பின்னணியில் பஸ் சத்தம்.

"எட்டாவதா வந்திருக்கு ரெஜினா. வேலை எப்ப ஆரம்பிப்பாங்கன்னு இன்னும் தெரியாது. ஆனா லிஸ்ட்ல இருக்கு."

அவள் "ஸ்தோத்திரம்" என்றாள். பிறகு அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் நன்றி என்று சொல்லத் தொடங்கினேன். வாக்கியம் பாதியிலேயே நின்றது. அவள் காத்திருந்தாள், முடிக்கவிட்டாள். "உன்னாலதான்" என்று முடித்தேன்.

"சரி சார், சரி. பைப்பு வர்ற வரிக்கும் பாட்டில் உண்டுதானே? மொத சனிக்கிழமை?"

"உண்டு. நானே வந்து பிடிக்கறேன்."

"ஆறு மணிக்கே வந்துடுங்க. பெரிம்மா ஏழு மணிக்கு பஸ்ஸு புடிக்கணும். அவங்க இல்லாம நீங்க நூறு அடிக்க மாட்டீங்க."