முதலில் ரத்தம், பிறகு மருந்து

மருத்துவமனைக் கட்டிலில் தம்பி பழுத்த தக்காளி மாதிரிச் சிவந்து கிடந்தான். கிடந்தவன் சும்மா கிடக்கவில்லை, டீ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு அழுவதா, அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பதா என்று தெரியவில்லை. காலையில் போய்விட்டான் என்றே நினைத்த பிள்ளை.

நகைக்கு முலாம் பூசும் பட்டறையில் அவனுக்கு வேலை. அங்கே தொட்டி தொட்டியாகச் சயனைடு கரைசல். அதில் அமிலம் விழுந்தால் கிளம்பும் புகை ஆளைச் சாய்த்துவிடும். அவளோ இரண்டு தெரு தள்ளி, அதே நஞ்சுக்கு மாற்று மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். நரம்பு வழியே நிதானமாக ஏற்றும் மருந்துகள் முன்பே உண்டு. விழுந்த இடத்திலேயே தொடையில் குத்தினால் சட்டென்று வேலை செய்கிற ஒன்றைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். முயல்களுக்குப் போட்டுப் பார்க்கும் வரை வந்தாயிற்று. மனிதருக்கு இன்னும் அனுமதி இல்லை. அக்காவும் தம்பியும் இப்படி எதிரும் புதிருமாய்ப் பிழைப்பதில் வீட்டில் கேலிக்குப் பஞ்சமே கிடையாது.

காலையில் பட்டறையிலிருந்து போன் வந்தது. தம்பி தொட்டியோரம் விழுந்துவிட்டானாம், பேச்சுமூச்சில்லையாம், ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லையாம். ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியைத் திறந்து, முயல்களுக்குப் போடும் அந்தச் சிவப்பு மருந்தை ஊசியோடு எடுத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் அவனைத் தெருவுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். பேன்ட்டோடு சேர்த்தே தொடையில் குத்தினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "நீ எப்படிக்கா இங்க?" என்றான்.

அதுவரை சரி. அதற்கப்புறம்தான் குழப்பம் பிடித்தது. சயனைடுக்கே உரிய கசப்புப் பாதாம் வாசனை அடித்தது என்கிறார் பட்டறை ஆள் ஒருவர்; பக்கத்தில் நின்றவர் ஒன்றுமே அடிக்கவில்லை என்கிறார். அந்த வாசனை எல்லா மூக்குக்கும் எட்டாது, ஆகவே இருவரையும் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். தம்பியோ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போனவன். பட்டறைக்குள் அடுப்புச் சூடு. வெறும் மயக்கமாக இருந்து, வெளிக்காற்று பட்டதும் தெளிந்திருந்தால்?

டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

"மருந்தோட செவப்பு ரத்தத்துல கலந்துடுச்சும்மா. வெஷம் இருந்துச்சா இல்லையான்னு மெஷின் சொல்றத நம்ப முடியல. ஊசிக்கு முன்னாடி எடுத்த ரத்தம் இருக்கா?"

இல்லை. முயல் என்றால் காதில் ரத்தம் எடுத்த பிறகுதான் ஊசி. 'முதலில் ரத்தம், பிறகு மருந்து' என்று கூட வேலை செய்பவர்களை வறுத்தெடுப்பவளே அவள்தான். சொந்தத் தம்பி என்றதும் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ. காப்பாற்றினாளா, இல்லை தானாகவே எழுந்திருக்கக்கூடியவன் உடம்பில் முயலுக்குப் போடுவதை ஏற்றிவிட்டாளா? நாளைக்கே சிறுநீரகம் மக்கர் பண்ணினால் யாரிடம் போய்ச் சொல்வது? பெருமைப்படப் பயமாக இருந்தது, பயப்பட வெட்கமாக இருந்தது.

தம்பிக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. சாயங்காலம் பட்டறை ஆட்கள் பார்க்க வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, புகையை இழுக்க ஃபேன் போடுறேன்னு முதலாளி சொன்னாருல்ல? இப்ப அது எதுக்குங்கறாரு. அதான் உன் ஊசி இருக்கே. நாலஞ்சு குடுத்து வையேன், நாங்க பாத்துக்கறோம்."



"அது வேலை செஞ்சுச்சான்னே எனக்குத் தெரியாதுடா."

"அப்ப நான் என்ன ஆவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபேன் போடச் சொல்லுங்கள் என்றாள், அனுமதி இல்லை என்றாள், தம்பி விழுந்தது மயக்கத்தால்கூட இருக்கலாம் என்றாள். சொல்லச் சொல்ல அவள் அடக்கத்தை மெச்சுகிற மாதிரித் தலையாட்டினார்கள்.

"எங்க குத்தணும்னு மட்டும் காட்டிடுங்கம்மா," என்று ஒருவர் முன்னால் வந்து தன் தொடையில் விரலை வைத்தார். "இங்கயா, இன்னும் கொஞ்சம் மேலயா?"

மற்றவர்களும் குனிந்து, அவரவர் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.