புகையாத அடுப்பு, மூன்றாம் பாகம்

ஆக்லாந்தின் விரிப் பகுதியில் உள்ள அந்தக் காய்கறிக் கிடங்கில் காலை ஆறு மணிக்கே பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். கழுவிய கரட்டுகள் ஈரத்தோடு உருண்டு வரும். வெடித்தவற்றையும் இரண்டு காலாகக் கிளைத்தவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். யசீகரனும் குணவதியும் ஐந்து வருடமாக எதிரெதிரே நின்று அதைத்தான் செய்கிறார்கள். இரண்டு கிழமையாகக் குணவதி தலை நிமிரவில்லை.

யசீகரன் நாவல் எழுதுகிறவன். போர்க்காலத்தில் வன்னிக் காட்டுக்குள் பிள்ளைகளோடு உயிர் பிழைத்த ஒருத்தியின் கதையான 'புகையாத அடுப்பு' மூன்று பாகம் வந்துவிட்டது. விமானத்தின் கண்ணில் படாமல் எந்த விறகில் உலை வைப்பது, வற்றிய ஆற்றில் எவ்வளவு தோண்டினால் தண்ணீர் ஊறும், எந்தக் கிழங்கை எத்தனை தரம் அவித்து வடித்தால் கசப்புப் போகும் என்பதையெல்லாம் வாசித்து வாசகர்கள் வியந்தார்கள். அவ்வளவும் குணவதி சாப்பாட்டு அறையில் சொன்னவை. அவள் சொல்லி முடித்ததும் யசீகரன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மறப்பதற்குள் கைப்பேசியில் குறித்துக்கொள்வான். அந்தப் போர்க்காலத்தில் அவன் ஆக்லாந்தில் மாணவன். வன்னியை பஸ் ஜன்னலால் மட்டுமே பார்த்தவன்.

முதல் பாகத்தின் வெளியீடு அதே நகரின் பிளாட் புஷ் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. "எல்லாம் நீங்கள் அனுபவிச்சதோ?" என்று ஒருவர் எழுந்து கேட்டார். "ஓம், அனுபவிச்சதுதான்" என்று அவன் வாயில் வந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் இருந்த குணவதியும் கைதட்டினாள். அந்தக் கைதட்டலை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும்.

அன்று பத்து மணி இடைவேளையில் குணவதி தானாகவே அவன் முன்னால் வந்து இருந்தாள்.

"தம்பி, மூண்டாவதில மாமியை எழுதிப்போட்டியள்."

"பேரெல்லாம் மாத்திப்போட்டன் அக்கா."

"பாக்குரலை மாத்தேல்லையே."

பாக்கு இடிக்கும் சின்னப் பித்தளை உரலை மடியில் இறுக்கிக்கொண்டு பாலை மரத்தடியில் இருந்த கிழவி. நடக்க மாட்டாதவளை அங்கே இருத்தி, பிள்ளைகளைக் கடலேரிக்கு அப்பால் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போன மருமகளால் திரும்பி வர முடியவில்லை. அதைச் சொன்ன அன்று, "இது உங்களோட இருக்கட்டும் தம்பி" என்றிருந்தாள் குணவதி. அவன் ஒரு வருடம் பொறுத்தான். பிறகு அந்தப் பாக்குரலை விட்டுவிட மனம் வரவில்லை.

"என்ட மனுசன் அப்ப இங்க வந்திட்டார். அம்மா காய்ச்சலில செத்தவ எண்டுதான் இவருக்குச் சொன்னனான். புத்தகம் வாசிச்ச நாள் தொடக்கம் என்னோட கதைக்கிறேல்லை. ஒருக்கா வந்து, எல்லாம் கற்பனை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவார்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யசீகரன் போனான். அவள் கணவர் குமாரசாமி பஸ் ஓட்டுகிறவர். எழுத்தாளர் வீடு தேடி வந்திருக்கிறார் என்று நல்ல கதிரையில் இருத்தி, தேநீரைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். குணவதி குசினி வாசலில் நின்றாள்.

"அண்ணை, அந்த மாமியின்ட கதை வெறும் கற்பனை. அக்காவைப் பிழையா நினையாதேங்கோ."

குமாரசாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினார். யசீகரனின் படத்துக்குக் கீழே இருந்ததை மெதுவாக வாசித்தார். "'இதில் வரும் ஒவ்வொரு சம்பவமும் ஆசிரியர் தன் கண்ணால் கண்டது.' இது பொய்யோ தம்பி?"

கேட்டதில் கோபம் இல்லை. ஓம் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அடுத்த மாதம் மெல்பேர்னில் அவனுக்குப் பாராட்டு விழா. யசீகரன் தேநீரில் படர்ந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சண்டைக்குக் கேக்கேல்லை. நீங்கள் கண்டிருந்தா இடம் தெரியும்தானே. போய் எலும்பை எண்டாலும் எடுக்கவேணும்." அவர் கதிரையின் விளிம்புக்கு வந்தார். "எந்த மரம் எண்டு சொல்லுங்கோ."

"இப்ப சரியா ஞாபகம் இல்லை அண்ணை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது. கற்பனை இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டாயிற்று. குணவதி அவனை ஒரு தரம் பார்த்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"அவருக்குத் தெரியாது. அவர் அங்க நிண்டதே இல்லை. நான்தான் மாமியை விட்டிட்டு வந்தனான். ரெண்டு தரம் திரும்பிப் போகப் பாத்தன், ஆமி விடேல்லை."

குமாரசாமி புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தை விரித்து அவள் பக்கம் தள்ளினார். சட்டைப் பையிலிருந்த பேனையையும் எடுத்து வைத்தார்.

"கீறு."

குணவதி குனிந்து அந்த இடத்தை வரைபடமாகக் கீறினாள். றோட்டு, குளக்கட்டு, கடலேரி. கோடு தப்பிய இடத்தில் வெட்டிவிட்டுத் திரும்பவும் கீறினாள். குமாரசாமி கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். யசீகரன் எழுந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. பின்னட்டையில் இருந்த அவன் படம் மேசையில் குப்புறக் கிடக்க, அதன் முதுகில் பேனை அழுத்தி அழுத்தி நகர்ந்தது.