தைலக் கம்பெனிக் கடிகாரம்

யுத்தம் தொடங்கி இரண்டாம் வருஷம், குற்றாலத்தில் ஆனி பிறக்குமுன்பே சாரல் விழுந்துவிட்டது. சுந்தரபாண்டியனின் தைலக் கம்பெனிக்கு அதுதான் அறுவடைக் காலம். கம்பெனி என்று பேரே ஒழிய, அருவிக்குப் போகும் சாலையில் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கொட்டகை. பின்பக்கம் தைலம் காய்ச்சும் அடுப்புகள். முன்பக்கம் மூலிகை இடிக்கவும், புட்டியில் ஊற்றி லேபிள் ஒட்டவும் ஏழெட்டுப் பெண்கள்.

வேலை ஓடவில்லை என்பது அவருடைய ஓயாத குறை. வெற்றிலை போட ஒருத்தி எழுந்தால் கூடவே மூன்று பேர் எழுவார்கள். மதுரைக்குப் போயிருந்தபோது, ஒரு ஆலையில் சங்கு ஊதியதும் ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டினார். பெண்களை வரிசையாக நிற்கவைத்து மணி பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்.

"இனிமே என் வாய் பேசாது. கடியாரந்தான் பேசும்" என்றார்.

பலன் இருக்கத்தான் செய்தது. அதோடு நின்றிருக்கலாம். ஒருநாள் சரக்கு அனுப்பவேண்டிய அவசரம். பெண்கள் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெரிய முள்ளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைத்தார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. வெயிலே முகம் காட்டாத மாதத்தில் நிழலைப் பார்த்து நேரம் சொல்வதெப்படி? அருவி இரைச்சலில் கோயில் மணியும் கேட்காது. அப்புறம் அது தினப்படி வழக்கமாயிற்று; கால் மணி, அரை மணி என்று வளர்ந்தது. வெற்றிலை போட்டு வீணாக்கிய நேரத்தைத்தானே திருப்பி எடுக்கிறோம் என்று தனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டார். காலையில் கதவு திறக்குமுன் முள்ளைச் சரியாக்கிவிடுவார்.

ஒருநாள் காலை, லேபிள் ஒட்டும் முப்பிடாதி அவர் முன்னால் வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள். ஒரே மகன் செங்கோட்டை மரக்கடையில் வேலைக்கு இருந்தான்.

"மொதலாளி, எம்மவன் சுடலைக்கண்ணு பட்டாளத்துக்குப் பேர் குடுத்துட்டான். இன்னைக்குச் சாயங்கால வண்டியில கூட்டிட்டுப் போறாவளாம். தென்காசி ஸ்டேஷன்ல வந்து நிக்கச் சொல்லி ஆள் விட்டிருக்கான்."

"அதுக்கென்ன, போயிட்டு வா. நாலு மணிக்குப் பொறப்பட்டாப் போதும், வண்டியைப் பிடிச்சுரலாம்."

"கடியாரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கேன் மொதலாளி" என்று சிரித்தாள்.

அன்று மத்தியானமும் அவர் கை பழக்கத்தில் முள்ளைத் தள்ளியது. தள்ளிய பிறகுதான் முப்பிடாதியின் நினைப்பு வந்தது. அதற்குள் பெண்கள் கைகழுவிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

மூன்றரை என்று கடிகாரம் காட்டியபோது உண்மையில் மணி நாலு. 'நீ இப்பவே போ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று மற்றவர்கள் கேட்பார்கள். வடிவம்மாள் ஒருத்தி இருக்கிறாள், எதையும் துருவாமல் விடமாட்டாள். ரெயில் என்றைக்குத்தான் நேரத்துக்கு வந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கடிகாரம் நாலைக் காட்டியதும் முப்பிடாதி எழுந்தாள். மகனுக்குச் செய்த பொரிவிளங்காய் உருண்டைகளை மடியில் கட்டிக்கொண்டு, சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு மழையில் நடந்தாள்.

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. வில்வண்டியைப் பூட்டச் சொல்லித் தானே ஓட்டிக்கொண்டு போனார். மேலகரம் தாண்டி அவளைப் பிடித்தார்.

"ஏறு முப்பிடாதி."

"வேண்டாம் மொதலாளி. ஒங்க வண்டியில நான்..."

"ஏறுன்னா ஏறு!"

ஸ்டேஷன் வாசலில் மாடுகள் நிற்கும்போதே ரெயில் நகர்ந்துவிட்டது. முப்பிடாதி உள்ளே ஓடினாள். ஜன்னல்களிலிருந்து எத்தனையோ கைகள் ஆடின. எது தன் மகனுடைய கை என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாக் கைகளுக்கும் சேர்த்துத் தன் கையை ஆட்டினாள்.

ரெயில் மறைந்தபின் ஸ்டேஷன் கடிகாரத்தை அண்ணாந்து, அவர் சொல்லிக்கொடுத்தபடியே எழுத்துக்கூட்டுவதுபோலப் பார்த்தாள்.

"ரெயில்காரன் கடியாரம் முந்தி ஓடுது போலிருக்கே, மொதலாளி" என்றாள். "நம்ம கடியாரம் பொய் சொல்லாதுல்லா."

திரும்பும் வழியில் வண்டிக்குள்ளிருந்து, "நாந்தான் அந்த ஏத்தத்துல செத்த நேரம் நின்னுட்டேன்" என்று அவள் தனக்குத்தானே சொல்வது கேட்டது. கேட்காத பாவனையில் அவர் மாட்டை விரட்டினார்.

மறுநாள் முள்ளை அவர் தொடவில்லை. மணி நாலானதும் பெண்களுக்கு ஆச்சரியம்.

"என்ன மொதலாளி, இன்னைக்குப் பொழுது ஓட்டமா ஓடிட்டே!" என்றாள் வடிவம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

முப்பிடாதி சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

"நாந்தான்" என்றார் சுந்தரபாண்டியன். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "மத்தியானம் முள்ளைப் பின்னால தள்ளி வைப்பேன். நேத்தும் வச்சேன்."

ஏசுவார்கள், கத்துவார்கள் என்று நினைத்தார். முப்பிடாதி பசைக் கையைக் கழுவினாள், சாக்கை உதறித் தலையில் போட்டாள், போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. கீழப்பாவூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கே வயல் வேலை என்று வடிவம்மாள் சொன்னாள்.

மற்றவர்கள் நின்றார்கள். ஆனால் அவர் தலையைக் கண்டால் பேச்சு அற்றுப்போகும். அந்த சீசனில், அதன்பிறகு முள்ளைத் தொடாத நாட்களிலும் சரக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. திருடியதில் லாபம்கூட இல்லை என்று தெரிந்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

அடுத்த வருஷச் சாரலில், காக்கி உடுப்பில் ஒரு வாலிபன் கம்பெனிக்கு வந்து கும்பிட்டான்.

"நான் முப்பிடாதி மவன் சுடலைக்கண்ணு. லீவுல வந்திருக்கேன். அம்மைக்கு முட்டுவலி, தைலம் வேணும்." பிறகு முகம் மலர்ந்து சொன்னான்: "நான் பட்டாளத்துக்குப் போன அன்னைக்கு, மழையில ஒங்க சொந்த வண்டியிலயே அம்மையக் கூட்டியாந்தியளாமே! அம்மைக்குச் சொல்லி மாளலை. எந்த மொதலாளி செய்வாவ?"

சுந்தரபாண்டியன் புட்டி எடுக்கத் திரும்பினார். "வேற... வேற என்ன சொன்னா?"

"வேற என்ன? ரெயிலு முந்திப் போயிட்டுன்னு சொன்னா, அவ்வளவுதான்."

"அம்மை எங்க?"

"வெளியில நிக்கா. உள்ள வான்னு கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா."

புட்டியைக் கொடுத்தார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தார். அவன் இன்னொரு தரம் கும்பிட்டுவிட்டு இறங்கினான். பதிலுக்குக் கும்பிட அவர் கை எழவில்லை.

"மொதலாளி" என்றாள் வடிவம்மாள், தலை நிமிராமலே. "அவ போறதுக்குள்ள ஒரு எட்டுப் போய்ப் பாருங்க."

வாசல்வரை வந்தார். தாயும் மகனும் சாரலில் அருவிச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.