மேஜையில் இன்னும் இருபத்தேழு

பையின் வாரை நாற்காலிக் காலில் சுற்றி இரண்டு முடிச்சு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் மச்சான், என் மனைவியின் அண்ணன், முடிச்சையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "உங்க பையை யாரு மாப்பிள்ளை திருடப் போறா? உள்ள ஒரு துண்டும் ரெண்டு வாழைப்பழமும்தான கிடக்கு" என்றார். திருடனுக்குப் பயந்து போட்ட முடிச்சு இல்லை அது. எனக்காகப் போட்டது. நான் பேருந்து ஓட்டுகிறவன். வண்டி கடைசி நிறுத்தத்துக்கு வந்தால் பை தோளுக்குப் போய்விடும், நான் எழுந்துவிடுவேன். மூளைக்குச் சேதி போவதற்கு முன்பே கால்கள் முடிவு செய்துவிடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இன்றைக்கு ஒரு நாள் அது நடக்கக் கூடாது.

எட்டு ஸ்நூக்கர் மேஜைகள் போட்ட பெரிய கூடம். மேஜைக்கும் மேஜைக்கும் நடுவே நீலத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களுடைய தடுப்பில் காலையில் பதினோரு பேர் இருந்தார்கள். தொலைக்காட்சி இல்லை, கைதட்டல் இல்லை. ஆனால் இங்கே தோற்றால் என் மனைவி தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து வெளியே. ஜெயித்தால் இன்னும் இரண்டு வருஷம் உள்ளே. வயது நாற்பத்து மூன்று. இதற்கு முன் இரண்டு முறை வெளியே போய், இரண்டு முறை முட்டி மோதி உள்ளே வந்தவள். மூன்றாவது முறை யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மச்சானுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் தெரிந்தவர் ஒருவருடைய கிளப்பில் அவளுக்குப் பயிற்சியாளர் வேலைக்குச் சொல்லிவைத்து, மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லவேண்டும் என்று ஒரு கடிதத்தையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஸ்நூக்கர் என்றால் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னும் கேரம்போர்டின் அண்ணன்தான். நான் அவளைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான். எங்கள் பணிமனையின் ஓய்வு அறையில் யாரோ தானமாகக் கொடுத்த பழைய மேஜை ஒன்று கிடந்தது. அவள் நேரக் காப்பாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பன்னிரண்டு ஓட்டுநர்களை வரிசையாக நிற்கவைத்துத் தோற்கடித்தாள். தோற்றவர்களில் பதினோரு பேர் மேஜையில் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஒருவன்தான் மறுநாளும் தோற்கப் போனேன். கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

இருபத்தேழு வயதில் அவள் பெரிய போட்டி ஒன்றின் காலிறுதிக்குப் போனாள். விளக்கு, கேமரா, முதல் வரிசையில் புது மாப்பிள்ளையாக நான். கடைசி ஃபிரேம், டென்னிஸில் கடைசி செட் மாதிரி. எதிராளி முன்னால் போய்விட்டார். சுற்றியிருந்தவர்கள் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது. எழுந்தேன், பையைத் தோளில் போட்டேன். அவள் மேஜைக்கு வந்து நின்றாள், ஒரு நொடி யோசித்தாள், எதிராளியிடம் கையை நீட்டினாள். இந்த ஆட்டத்தில் அது ஒரு மரியாதை. இனி எட்ட முடியாது என்று தெரிந்தால் கை குலுக்கி ஃபிரேமைக் கொடுத்துவிட வேண்டும். எதிராளி அந்தக் கையை ஓடிவந்து பிடித்துக்கொண்டார். ஏன் ஓடிவந்தார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் முப்பத்து நாலு புள்ளி பின்னால் இருந்தாள். மேஜையிலே ஒரு சிவப்புப் பந்தும் எல்லா வண்ணப் பந்துகளும் இருந்தன. மொத்தம் முப்பத்தைந்து. ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தைக் கொடுத்துவிட்டாள். எட்டக்கூடிய ஃபிரேமைக் கொடுப்பது விதிப்படி தப்பு என்று அமைப்பாளர்கள் கண்டனக் கடிதம் வேறு அனுப்பினார்கள்.

"கணக்கு தப்பாயிடுச்சு" என்று மட்டும் சொன்னாள். பால்காரர் கணக்கைக்கூட மனசிலேயே போடுகிறவளுக்குக் கணக்கு எப்படித் தப்பும் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இறக்கம்தான். முதல் சுற்றுத் தோல்விகள், முப்பத்தொன்றில் பட்டியலிலிருந்து வெளியே. விளையாட்டுச் சாமான் கடையில் ஐந்து வருஷம் பூப்பந்து மட்டை விற்றாள். முப்பத்தாறில் உள்ளே வந்தாள். முழங்கை வலி, மறுபடியும் வெளியே. நாற்பத்தொன்றில் தகுதிப் போட்டியில் தன்னைவிடப் பாதி வயதுக்காரர்களை வரிசையாக அனுப்பிவைத்துவிட்டு மறுபடியும் உள்ளே.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் அந்தப் பழைய காலிறுதியின் பதிவைப் போட்டார்கள். அவள் அடுப்படியில் இருந்தாள். திரையில் அவள் மேஜைக்கு வருகிறாள். மூலையில், மங்கலாக, ஒரு மடையன் எழுந்து பையைத் தோளில் போடுகிறான். அவள் கண் மேஜையிலிருந்து அந்த மடையனிடம் போகிறது. அங்கிருந்து எதிராளியிடம் போகிறது. பிறகு கை நீளுகிறது. மச்சான் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவளுடைய ஆட்ட நாள்களில் நானாகக் கேட்டு வண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஆள் கிடைக்காத தடம், மழைக்காலத் தடம், எதுவானாலும் சரி. என் முகம் அவள் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

இன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று கறுப்பு வெயிஸ்ட்கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "லீவு போடுங்க. நீங்களும் வாங்க" என்றாள்.

"நான் வந்தா தோத்துடுவ."

"நீங்க வராதப்பவும்தான் தோத்திருக்கேன். வந்து உக்காருங்க. நடுவுல எழுந்திருக்காம இருங்க, அது போதும்."

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"எழுந்தது நீங்க, பாத்தது நான். எனக்குத் தெரியாம ஊருக்கா தெரியும்?" கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டுத் திரும்பினாள். "ஆனா கையைக் குடுத்தது நான்தான். அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது. முகத்தைத் தூக்கி வெச்சிக்காம கிளம்புங்க."

எதிராளிக்கு முப்பது வயதிருக்கும். எப்போதும் சிரித்த முகம். நான் அவனுக்குப் பல்லழகன் என்று பெயர் வைத்துவிட்டேன். பதினொரு ஃபிரேம் ஆட்டம், ஆளுக்கு ஐந்து என்று வந்து நின்றது. கடைசி ஃபிரேமில் அவன் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டே போனான். கடைசிச் சிவப்பையும் போட்டு, கூடவே கறுப்பையும் போட்டு, விதிப்படி நடுவர் அந்தக் கறுப்பைத் திரும்ப மேஜையில் வைத்ததும், மஞ்சளில் தவறினான். மஞ்சள் போய் ஓர ரப்பரோடு ஒட்டிக்கொண்டது. பலகையைப் பார்த்தேன். அவள் முப்பத்தெட்டு பின்னால். மேஜையில் மஞ்சளில் தொடங்கி வரிசையாகப் போடவேண்டிய ஆறு வண்ணப் பந்துகள், இருபத்தேழு புள்ளி. நேராக அடித்து எட்டவே முடியாது. அடிக்க வேண்டிய பந்து எதிராளிக்கு நேராகத் தெரியாதபடி, இருவரும் அடிக்கும் வெள்ளைப் பந்தை இன்னொரு பந்துக்குப் பின்னால் மறைத்து வைப்பதற்கும் ஸ்நூக்கர் என்றுதான் பெயர். அவன் அடிக்க வேண்டிய பந்தைத் தொடத் தவறினால் நமக்கு நான்கு புள்ளி, வேறு பெரிய பந்தில் பட்டால் அதற்கேற்ப இன்னும் கூட. அப்படி மூன்று முறை அவனைத் தவற வைத்து, பிறகு மேஜையைத் துடைத்தெடுக்க வேண்டும். நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டேன். யாரும் பார்த்ததில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நாற்காலிகள் நகரும் சத்தம். பதினோரு பேரில் ஒன்பது பேர் எழுந்துவிட்டார்கள். மச்சானும் எழுந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. மரியாதையா கையைக் குடுத்துட்டு வரட்டும். அஞ்சு மணிக்குள்ள அங்க போயிடலாம்."

என் கால்களுக்குள் ஏதோ துள்ளியது. வண்டி நின்றுவிட்டது, கதவு திறந்துவிட்டது, இறங்கு என்றது. காலையில் குடித்த இரண்டு காபியும் அதையேதான் சொன்னது. நான் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டேன். "மேஜையில இருபத்தேழு இருக்கு மச்சான்" என்றேன்.

"வேண்டியது முப்பத்தெட்டு."

"மிச்சத்தை அவன் குடுப்பான்."

மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பல்லழகன் தன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கையை நீட்டத் தயாராக வைத்துக்கொண்டு சிரித்தான். அவள் மேஜைக்கு வந்து நின்றாள். நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாள். காலியான வரிசைகளுக்கு நடுவில் நான் ஒருவன், வேர்த்து விறுவிறுத்து, உட்கார்ந்திருந்தேன். ஒரு நொடிதான். பிறகு அவனிடம் திரும்பினாள்.

"உக்காருங்க தம்பி. இன்னும் முடியல" என்றாள்.

நீட்டப் போன கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் தலையைக் கோதிக்கொண்டான். பக்கத்துத் தடுப்பிலிருந்து யாரோ சிரித்தார்கள். அவள் குனிந்தாள், மஞ்சளின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் உரசினாள், வெள்ளை ஊர்ந்து போய்க் கறுப்புக்குப் பின்னால் நின்றது. அவன் இரண்டு ரப்பரில் பட்டுத் திரும்பும்படி அடித்தான். விரல் அகலத்தில் தவறியது. நடுவர் வெள்ளை உறை போட்ட கையைத் தூக்கி, "ஃபவுல், நான்கு" என்றார். முப்பத்து நாலு.

அதற்கப்புறம் அரை மணி நேரம் புள்ளியே நகரவில்லை. அவள் மறைப்பாள், அவன் தப்பிப்பான். அவன் ஓரமாக ஒதுக்குவான், அவள் போய் மறுபடியும் மறைப்பாள். ஒரு முறை மஞ்சளைப் போட்டுவிடலாம் போல வாய்ப்பு வந்தது. அவள் தொடவில்லை. மஞ்சளைப் போட்டால் இருபத்தேழு குறைந்துவிடும். பசித்தவன் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பது போல அந்தப் பந்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பல்லழகன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பதினாறு வருஷமாக இவளை மரியாதை தெரிந்தவள், பெருந்தன்மையானவள் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போடுகிறாள் என்று தோன்றியது. போடட்டும்.

அவன் பொறுமை இழந்தான். இளஞ்சிவப்புக்குப் பின்னாலிருந்து வேகமாக வளைத்து அடிக்கப் பார்த்து, இளஞ்சிவப்பிலேயே மோதினான். "ஃபவுல், ஆறு." இருபத்தெட்டு. வெளியே போனவர்களில் இரண்டு பேர் தடுப்பின் ஓரத்தில் வந்து நின்றார்கள். மூன்றாவது ஆளாக மச்சான் நின்றார். அந்தக் கடிதம் கையில் இருந்தது. அதைத்தான் விசிறிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கூடத்தின் பணியாள் ஒருவர் என் தோளைத் தொட்டார். அடுத்த ஆட்டத்துக்கு வரிசையை மாற்றிப் போட வேண்டுமாம். பின்னால் காலி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். என்னைச் சுற்றி வெறும் தரை.

"சார், கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா? இது ஒண்ணுதான் பாக்கி."

"முடியாதுங்க."

"கால்ல ஏதாவது பிரச்சினையா சார்?"

"கால்லதான் பிரச்சினை" என்றேன்.

அவர் குனிந்து நாற்காலிக் காலில் இருந்த முடிச்சைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். கையிலிருந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எவ்ளோ வேணும்?" என்று காதோரம் கேட்டார்.

"இன்னும் ஒரு ஃபவுல்."

அவள் மேஜையின் அந்தக் கோடியில் முழு உடம்பையும் சாய்த்துக் குனிந்திருந்தாள். முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் சட்டைக் கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. கியூ கோல் முன்னும் பின்னும் நான்கு முறை போய் வந்தது. வெள்ளை மஞ்சளைத் தொட்டது, ரப்பரில் பட்டது, மேஜையின் நீளம் முழுக்க, அவசரமே இல்லாமல் உருண்டு வந்தது. பச்சையைத் தாண்டியது. நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. பழுப்பின் முதுகோடு முதுகாக, ஒரு காகிதம் நுழையும் இடைவெளி விட்டு, நின்றது.

பல்லழகன் எழுந்து வந்தான். இடது பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். வலது பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். மஞ்சள் எங்கிருந்தும் தெரியவில்லை. அவன் சிரிப்பு இருந்த இடத்தில் உதடுகள் மட்டும் இருந்தன. அடிக்க வேண்டியது அவன். ஆனால் அவள் தன் நாற்காலியில் போய் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே வெயிஸ்ட்கோட் பையிலிருந்து நீலச் சாக்கட்டியை எடுத்து, அடுத்த அடிக்காகக் கியூவின் நுனியில் மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினாள்.