நட்டின் மேல் ரோஸ் பொட்டு

மானாம்பதி ராஜாராம் வாழைப்பழம் வாங்கப் போனால் ஒன்றை உரித்துப் பார்த்துவிட்டுத்தான் சீப்பைத் தொடுவார். மகள் பிரபாவுக்கு மாப்பிள்ளை பேசியபோது, பையன் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் ஒரு முழு நாள் டீ குடித்துக்கொண்டே நின்று நோட்டம் விட்டவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் தன் அப்பாவின் காரை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு இரண்டு வாரம் எப்படித் தூங்கினார் என்று கேட்டால், தூங்கவே இல்லை என்பதுதான் பதில். அவர் மனைவி சசிரேகாவும் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்தவர் புரண்டுகொண்டே இருந்தால் யார்தான் தூங்க முடியும்?

கார் ஐம்பத்தாறாம் வருஷத்தது, கறுப்பு. ஆறு வயதில் பிரபா அதன் முன்சீட்டில் நின்றுகொண்டு, "என் கல்யாணத்துக்கு இதுலதான் போவேன், நீதான் ஓட்டணும் நைனா" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து ராஜாராமுக்கு அது ஒன்றுதான் ஆசை. வெள்ளிக்கிழமை காலை திருப்புலிவனம் கோயிலில் முகூர்த்தம். காரோ, ஸ்டீயரிங்கை அரைச் சுற்று சுற்றினால்தான் சக்கரம் லேசாக அசையும் என்ற கதியில் கிடந்தது. அந்தக் காலத்துச் சாமான் இப்போது எங்கே கிடைக்கும்? உத்திரமேரூரில் பட்டறை வைத்திருக்கும் ஞானதாஸ்தான் ஒரு வழி சொன்னார். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, மினி வேனுக்கு வருகிற மூட்டுகள் பொருந்தும்படி புதுக் கம்பியை லேத்தில் கடைந்து மாட்டிவிடலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை கார் வீடு வந்தது. ஒரு விரலால் திருப்பினால் சக்கரம் திரும்பியது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ராஜாராம், காரை ஓட்டிவந்த ஞானதாஸ் கொடுத்த சாக்குப் பையைப் பிரித்தார். கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எழுதாத சட்டம். பையில் எல்லாம் இருந்தது, அந்தக் கம்பியைத் தவிர.

"இன்னாபா தாஸு, முக்கியமான சாமானே காணோம்?"

"அது வெரிசல் உட்டுக்கீதுங்க ஐயா. வெரிசல் உட்ட ஸ்டீயரிங் சாமான நான் முழுசா யாருக்கும் தர்றதில்ல. பின்னாடி யாராச்சும் எடுத்து மாட்டிக்குவாங்க. ரெண்டா அறுத்துட்டேன், லேத்துல கீது. கல்யாணத்தன்னிக்கு எடுத்தாறேன்."

ராஜாராம் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை, வீட்டிலும் அப்படியே சொன்னார். பொங்கலுக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து ஒரு ஆள் பழைய கார் சாமான் தேடிக்கொண்டு உத்திரமேரூர் பட்டறைகளில் எல்லாம் விசாரித்தது அவருக்கு நினைவு வந்தது. கம்பியை விற்றவன் வேறு என்னென்ன விற்றானோ? புதுசு என்று சொல்லிப் பழசுக்கே பெயின்ட் அடித்து மாட்டியிருந்தால்?

புதன்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் பந்தல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் கோணியை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தார். கம்பி பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் இரண்டு முனையிலும் நட்டின் மேல் ஒரு ரோஸ் கலர் பொட்டு. நகப்பூச்சு! இரும்புச் சாமானுக்கு எதற்கு இந்த மேக்கப்? விரிசலை மறைக்கத்தான், வேறு எதற்கு?

கட்டைவிரல் நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டினார். அடியில் சுத்தமான இரும்பு. அதோடு விட்டிருக்கலாம். நட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்னப் பின் வளைத்து விடப்பட்டிருந்தது. அதைக் குறடால் பிடுங்கி, நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, மூட்டு புதுசுதானா என்று பார்த்தார். புதுசுதான். திரும்ப இறுக்கினார். இப்போது போல்ட்டின் துளைக்கு நேராக நட்டின் துளை வரவில்லை, பின் நுழைய மறுத்தது. நட்டு இறுக்கமாகத்தானே இருக்கிறது, இத்தனூண்டு பின்னில் என்ன வந்துவிடப் போகிறது என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை காருக்கு மாலை போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைக்க வந்த நாலு பேர் நின்றிருந்தார்கள். ஞானதாஸ் சொன்னபடி வந்து, இரண்டு இரும்புத் துண்டுகளை ராஜாராம் முன்னால் வைத்தார். அறுத்த இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், பாதிக் கம்பி வரை ஓடியிருந்தது. ராஜாராமுக்கு முகம் சுருங்கியது. அந்தக் கம்பியோடுதான் போன மாசம் காஞ்சிபுரம் போய்வந்திருந்தார்.

"பொட்ட ஒரு தபா பாத்துட்டு அனுப்பிடறேங்க" என்று ஞானதாஸ் அடியில் படுத்தார். ராஜாராம் குத்துக்காலிட்டு முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, யாரும் வண்டிய எடுக்காதீங்க!"

வெளியே வந்த ஞானதாஸின் முகம் வெளுத்திருந்தது. "நட்ட இறுக்கி, பின்னு போட்டு, மேல பொட்டு வெப்பேன். பொட்டு கலைஞ்சா யாரோ கை வெச்சிக்கிறாங்கன்னு அர்த்தம். இங்க பொட்டும் இல்ல, பின்னும் இல்ல. குலுக்கல்ல நட்டு கயண்டுக்கினா, ஏரிக்கரைத் திருப்பத்துல ஒரு சக்கரம் ஒரு பக்கம் பூடும்."

சசிரேகாவின் தம்பி கலைச்செல்வன் பாய்ந்து வந்தான். "பின்னு போட மறந்துட்டு கத உட்றியா? பொண்ணு ஏர்ற வண்டிடா! பாத்தீங்களா மாமா, நீங்க அன்னிக்கே சொன்னீங்க, இவன நம்ப முடியாதுன்னு!"

ஞானதாஸ் கலைச்செல்வனைப் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழத்தின் மேல் இருந்த ராஜாராமின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ரோஸ் நிறம். இரண்டு நாள் சோப்புக்கும் போகவில்லை. ராஜாராம் விரலை மடக்கினார்.

பேசாமல் இருந்தால் போதும். சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் தப்பிக்கும், பழி பட்டறைக்காரன் தலையோடு போய்விடும். அந்த எண்ணம் ஒரு நிமிஷம் அவருக்கு இனிக்கவே செய்தது. பிறகு பட்டுப்புடவையில் நிற்கும் மகளைப் பார்த்தார்.

"அவன உடு, கலை. நான்தான் புடுங்கினேன்" என்று சட்டைப் பையிலிருந்து பின்னை எடுத்து நீட்டினார். "தாஸு, இந்தா. மாட்டிடுபா."

ஞானதாஸ் வாங்கவில்லை. "ஒரு தபா புடுங்கின பின்ன மறுபடி போடக் கூடாதுங்க. வளைச்சி வளைச்சி செத்துப் போயிருக்கும்." தன் பையிலிருந்து புதுசு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனார். பொட்டு வைத்துவிட்டு வந்தவர், "இப்போ போலாங்க" என்றார்.

ராஜாராம் டிரைவர் சீட்டுக் கதவைத் திறந்தார். பிரபா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"நீ ஓட்டாத நைனா" என்றாள். கோபமில்லை. "எனக்கு பயமா கீது. பின்ன புடுங்கிட்டு ரெண்டு நாளா சும்மா இருந்துக்கிறே. தாஸண்ணே, நீங்க ஓட்டுங்க."

ஞானதாஸ் ராஜாராமைப் பார்த்தார். ராஜாராம் சாவியை அவர் கையில் கொடுத்தார். நான்கு எலுமிச்சம்பழங்களும் நசுங்க, கார் தெருவில் இறங்கியது.

ராஜாராம், பின்னால் வந்த சமையல்காரரின் வேனில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து போனார். வெட்கமாக இருந்தது, அதைவிட ஏக்கமாக இருந்தது. ஏரிக்கரைத் திருப்பத்தில் அவரை அறியாமல் இரண்டு கையும் ஸ்டீயரிங் பிடிப்பதுபோல எழுந்தன. முன்னால் கறுப்புக் கார் கொஞ்சமும் அலையாமல் திரும்பிப் போயிற்று.