பொந்துக்குள் விட்ட தண்ணீர்

1984-இல் மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பின்னால், ஈயம் எடுத்துக் கைவிட்ட மணல் நிலத்தில் குடியிருந்தான் அய்யாவு. பலகை வீடு, சிமெண்டுத் தரை, சுற்றிலும் மரவள்ளி. அறுவடைக்கு இரண்டு மாதம் இருந்தபோது முள்ளம்பன்றிகள் கிழங்கைத் தோண்டத் தொடங்கின. ஒரே மாதத்தில் பாதித் தோட்டம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களோடு தோட்டங்களுக்கு வேட்டைக்குப் போகும் லோரி ஓட்டுநர் பழனியப்பனை அழைத்து வந்தான். ஈயம் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய குட்டையின் கரையில் ஏழு பொந்துகள் இருந்தன. பழனியப்பன் ஐந்தை அடைத்தான். ஒன்றில் நாய்களை நிறுத்தி, கடைசிப் பொந்தில் தேங்காய் மட்டையைக் கொளுத்தி மிளகாய் வற்றலைப் போட்டான். புகை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

வீட்டிலிருந்து அய்யாவுவின் மனைவி வீரம்மா இருமிக்கொண்டே வந்தாள்.

"அடுப்பே பத்த வைக்கல. தரையிலேருந்து பொக வருது."

கரைக்கும் வீட்டுக்கும் நாற்பது அடி. சமையலறைத் தரை விரிசலில் புகை கசிந்தது. பழனியப்பன் கடப்பாரையால் தட்டிப் பார்த்தான். வாசல் பக்கம் கெட்டியாக இருந்தது. அடுப்புப் பக்கம் காலி டிரம் மாதிரி ஒலித்தது.

"அண்ணே, இனிமே இங்க படுக்காதீங்க."

"பத்து வருசமா படுக்குறோம்."

"பத்து வருசமா அதுவும் தோண்டியிருக்கும் லா."

மறுநாள் அய்யாவு, பக்கத்துக் கீரைத் தோட்டக்காரன் ஆ சோங்கிடம் பம்பு இரவல் வாங்கி, முள்ளம்பன்றிகளை வெளியே விரட்டக் குட்டைத் தண்ணீரைப் பொந்துக்குள் விட்டான். வீரம்மா வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் துணிமணியையும் சாமி படத்தையும் வெளியே கொண்டுவந்து மரத்தடியில் வைத்தாள்.

மதியத்திலிருந்து தண்ணீர் போனது. பொந்து நிரம்பவில்லை. நான்கு மணிக்கு அவன் சமையலறைக்குள் போனான்.

"வந்து பாரு, ஈரங்கூட இல்ல," என்று உள்ளிருந்து சொல்லி, தரையைக் காலால் உதைத்தான்.

மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம். அடுப்புச் சுவர் உள்பக்கம் சாய்ந்தது. அய்யாவு மார்பு வரை ஈர மணலில் புதைந்திருந்தான்.

வீரம்மா முதலில் ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினாள். பிறகு ஆ சோங்கைக் கூப்பிட்டாள். பலகைமேல் படுத்துக் கயிற்றை வீசினாள். இழுக்க இழுக்கக் குழியின் விளிம்பு உடைந்து அவளை நோக்கி வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவனை வெளியே எடுத்தார்கள். வலது கால் அசையவில்லை.

"பன்னி வெளிய வந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்ல."

அடுத்த மழையில் மீதி வீடும் இறங்கிவிட்டது. அவர்கள் சாலாக் செலாத்தானில் அவள் தம்பி வீட்டில் இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, தகரம் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று பார்க்க வீரம்மா தனியாக வந்தாள். மரவள்ளி ஒன்றுகூட இல்லை. புதுப் பொந்துகள் வேலியைத் தாண்டி, கீரைப் பாத்திகளுக்கு நடுவே, ஆ சோங்கின் வீட்டுப் பக்கம் போயிருந்தன. வீட்டுக்குள் அவன் பிள்ளைகள் ஓடி விளையாடும் சத்தம் கேட்டது.

எடுத்த தகரத்தைக் கீழே போட்டுவிட்டு, அவள் அந்தக் கதவைத் தட்டப் போனாள்.